பெயர் சூட்டியவரும் விலை கொடுத்தவரும்: யாகிமோவ் என்னும் மலையூரின் சரித்திரம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். மேடையில் படங்களைக் காட்டி விளக்கிய பகுதிகளும் இடையே சொன்ன கிளைச் செய்திகளும் நீக்கப்பட்டுள்ளன.)



நம் வீட்டுப் பெண்கள் கழுத்துச் சங்கிலியில் கோத்து அணிகிற பதக்கத்தை, அதில் பொறித்திருப்பது முருகனாயினும் மாதாவாயினும், 'டாலர்' என்று பெயர் சொல்லித்தான் நகைக்கடையில் கேட்டு வாங்குகிறோம். அமெரிக்க நாணயத்தின் பெயர் நம் ஆசாரியின் பட்டறைக்கு வந்து சேர்ந்தது எவ்வாறு என்று எண்ணிப் பார்ப்பவர் சிலர் இருக்கலாம்; அந்த அமெரிக்க நாணயத்துக்கே அப்பெயரைத் தந்தது மத்திய ஐரோப்பாவில், குளிர் மிகுந்த ஒரு மலைப் பள்ளத்தாக்கில், இன்று மூவாயிரம் பேர்கூட வாழாத ஒரு சிற்றூர் என்பதை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அவ்வூரைப் பற்றியே இன்று உங்கள்முன் சில சொற்கள் பேச விரும்புகிறேன். நான் அதைக் கண்ணால் கண்டவன் அல்லேன். நூல்களின் வழியே பல ஆண்டுகளாக அதன் தெருக்களில் ஏறி இறங்கியவன் என்ற உரிமை ஒன்றே எனக்கு உண்டு.

செக் மொழியில் யாகிமோவ் என்றும் ஜெர்மன் மொழியில் சாங்க்ட் யோவாகிம்ஸ்டால் என்றும் வழங்கும் அவ்வூர், பொஹிமியாவின் வடமேற்கு மூலையில், சாக்ஸனி நாட்டு எல்லையை ஒட்டி நீளும் மலைத்தொடரில் உள்ளது. அத்தொடருக்கே 'தாது மலைகள்' என்றுதான் பெயர். 1,244 மீட்டர் உயரமுள்ள கிளினோவெத்ஸ் சிகரம் அதன் தலைப்பக்கத்தில் நிற்க, ஒடுங்கிய பள்ளத்தாக்கின் வழியே மேல்நோக்கி ஏறும் ஒரு நீண்ட தெருவை முதுகெலும்பாகக் கொண்டு வீடுகள் இருபுறமும் அடுக்கப்பட்டிருக்கின்றன. தெருவைத் தாண்டி இன்னும் மேலே ஏறினால், ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், 'கடவுளின் கொடை' என்று பொருள்படும் பெயருடைய போஜி தார் என்னும் மற்றொரு பழைய சுரங்க ஊர் வருகிறது. பயிர்த்தொழில் செழிக்க இடமில்லாத இம்மேட்டு நிலத்தில் மனிதர் குடியேறியதற்கும், குடியேறியவர் சிதறியதற்கும், மீண்டும் வந்ததற்கும் காரணம் மண்ணுக்கு மேலே இருந்ததன்று, கீழே இருந்ததே.

நான் நிறுவ விரும்பும் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. மலை தருவது தாதுவை மட்டுமே. அத்தாதுவைச் செல்வம் என்றோ குப்பை என்றோ மருந்து என்றோ ஆயுதம் என்றோ பெயர் சூட்டுவது, மலைக்கு வெளியே, பெரும்பாலும் மிகத் தொலைவில், காலத்துக்கேற்ப அமைகிற அதிகாரமும் தேவையும் ஆகும். அவ்வாறு சூட்டப்பட்ட ஒவ்வொரு பெயருக்கும் விலை கொடுத்தது மட்டும் எக்காலத்திலும் ஒன்றே: மலைக்குள் இறங்கியவனின் மூச்சு. இதனை ஐந்து கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறேன்.

1. வெள்ளி என்ற பெயர்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வெள்ளித் தாது பெருவாரியாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அப்பகுதிக்கு உடையவரான ஸ்டீபன் ஷ்லிக் என்னும் பிரபு 1516-இல் ஊரை நிறுவினார். எல்லைக்கு அப்பால் சாக்ஸனியில் முன்னரே எழுந்திருந்த சுரங்க நகரம் அன்னாபெர்க், கன்னி மரியாளின் தாயாகிய புனித அன்னாளின் பெயர் தாங்கியது; அவள் கணவராகிய புனித யோவாக்கிமின் பெயர் இப்பள்ளத்தாக்குக்கு இடப்பட்டது. 'டால்' என்பது ஜெர்மன் மொழியில் பள்ளத்தாக்கு. 1520-ஐ ஒட்டி ஷ்லிக் குடும்பத்தார் தம் வெள்ளியைத் தாமே நாணயமாக அடிக்கத் தொடங்கியபோது, ஒரு புறம் அந்தப் புனிதரின் உருவமும் மறுபுறம் பொஹிமியாவின் சிங்கமும் பொறித்த அப்பெரிய காசுகளை மக்கள் யோவாகிம்ஸ்டாலர் என்று அழைத்தனர்; பின்னர் வாய்வழக்கில் முன்பாதி உதிர்ந்து 'டாலர்' மட்டும் எஞ்சியது. டச்சுக்காரரின் நாவிலும் ஆங்கிலேயரின் நாவிலும் ஏறி அது கடல் கடந்தது. தெய்வ உருவம் பொறித்த வட்டமான உலோகத் துண்டை நாம் டாலர் என்னும்போது, அறியாமலேயே அதன் முதற்பொருளுக்கு மிக அருகில் நிற்கிறோம்.

வெள்ளியின் பேர்கேட்டு ஓடி வந்த கூட்டத்தால், ஒரு தலைமுறைக்குள் ஊரின் மக்கள் தொகை 18,000 வரை உயர்ந்து, பொஹிமியாவில் பிராகு நகரத்துக்கு அடுத்த பெரிய ஊர் என்ற நிலையை அது எய்தியது. ஆனால் அந்த ஐசுவரியம் யாரிடம் இருந்தது என்று கேட்டால், விடை ஊருக்குள் நில்லாது. அக்காலச் சம்பிரதாயப்படி ஒரு சுரங்கம் 128 பங்குகளாகப் பிரிக்கப்படும். அப்பங்குகளை வாங்குபவர் தொலைநகரங்களில் இருந்துகொண்டே ஆதாயம் பெறலாம். ஊரில் இருந்தவனுக்கு வாரக் கூலி. 1525-இல் சுரங்கத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்து நகர மன்றத்தையும் பிரபுவின் கோட்டையையும் சூறையாடியதன் பின்னணி இதுவே. அடுத்த ஆண்டு மொஹாச்சுப் போர்க்களத்தில் துருக்கியருக்கு எதிராகப் போரிட்டு ஷ்லிக் மாண்டார். 1528-இல் மன்னர் முதலாம் பெர்டினாண்டு நாணயச்சாலையைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டார். காசுக்குப் பெயர் தந்த ஊருக்குக் காசடிக்கும் உரிமை நிலைத்தது பத்து ஆண்டுகளுக்கும் குறைவே.

2. நூல் என்ற பெயர்

மலையிலிருந்து வெளியேறிய இரண்டாவது பொருள் அறிவு. 1527-இல் இவ்வூருக்கு நகர மருத்துவராக வந்தவர் கெயோர்க் பவர். நூலுலகம் அவரை அக்ரிகோலா என்ற இலத்தீன் பெயரால் அறியும். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் சுரங்கங்களிலும் உலைக்களங்களிலும் கழித்த அவர், அங்கே தொழிலாளரின் வாயில் வழங்கிய சொற்களையும் முறைகளையும் திரட்டி, 1530-இல் 'பெர்மானுஸ்' என்னும் உரையாடல் நூலை வெளியிட்டார். பல ஆண்டுகள் உழைத்து எழுதிய உலோகங்களைப் பற்றிய பெருநூல், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1556-இல் பேசல் நகரில் அச்சாயிற்று. நீரிறைக்கும் சக்கரங்கள், காற்றூட்டும் துருத்திகள், தாதுவை இடிக்கும் உலக்கைகள் ஆகியவற்றை மரச்செதுக்குப் படங்களோடு விளக்கிய அந்நூல் இரண்டு நூற்றாண்டுகள் இத்துறைக்குப் பிரமாண கிரந்தமாக விளங்கிற்று. 1912-இல் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள், பின்னாளில் அமெரிக்காவின் குடியரசுத் தலைவராகவிருந்த ஹெர்பர்ட் ஹூவரும் அவர் மனைவி லூ ஹென்றியும். டாலர் நாட்டின் தலைவராகப் போகிறவர், டாலர் பிறந்த ஊரில் பயின்ற மருத்துவரின் நூலை மொழிபெயர்த்தார் என்பது சரித்திரத்தின் சுவையான தற்செயல்.

அக்ரிகோலாவை நான் இங்கே நிறுத்துவது அவர் புகழுக்காக அன்று, நேர்மைக்காக. சுரங்கத் தொழிலை ஆதரித்தே எழுதியவராயினும், அத்தொழிலால் காடுகள் அழிகின்றன, விலங்குகளும் பறவைகளும் மறைகின்றன, தாது கழுவிய நீர் ஓடைகளில் கலந்து மீன்களைக் கொல்கிறது என்று எதிர்ப்பவர் கூறும் வாதங்களைத் தம் நூலின் முதற்பகுதியிலேயே ஒளிக்காமல் எடுத்துவைத்துவிட்டுத்தான் அவற்றுக்கு மறுமொழி சொன்னார். மருத்துவராக இன்னும் ஒன்றையும் கண்டார். சுரங்கத் தூசு நுரையீரலை அரித்து இளைப்பு நோயை உண்டாக்குவதையும், அதனைத் தடுக்க முகத்தில் துணித்திரை கட்டிக்கொள்வதையும் குறித்தார். கார்ப்பாத்திய மலைச் சுரங்கங்களின் அருகே, இந்நோய்க்கு ஒருவர்பின் ஒருவராக ஏழு கணவரைப் பறிகொடுத்த பெண்கள் இருப்பதாகவும் எழுதினார். விலைக்கணக்கின் முதல் வரியை எழுதியவர் அவரே. ஆனால் வாசித்தவர்கள் இயந்திரங்களின் படங்களை நகலெடுத்தார்கள். ஏழு கணவரின் வரியைக் கடந்து போனார்கள்.

3. கழிவு என்ற பெயர்

வெள்ளியின் காலம் நெடிது நிற்கவில்லை. சுரங்கம் ஆழமாக ஆழமாக நீரிறைக்கும் செலவு ஏறிற்று. 1545-இல் தென் அமெரிக்காவின் பொத்தோசி மலையில் கண்ட வெள்ளி, ஐரோப்பியச் சந்தையில் குவியத் தொடங்கிற்று. பின்னர் வந்த சமயப் பூசல்களிலும் முப்பதாண்டுப் போரிலும் ஊர் வெறிச்சோடியது. மலைப்புறத்துப் பெண்கள் மரக்கட்டைகளில் நூலைச் சுற்றிப் பின்னும் சரிகைப் பின்னலால் குடும்பம் காத்தனர்.

இக்காலம் முழுவதும் சுரங்கவாயில்களின் அருகே குவிந்து கிடந்தது ஒரு கறுத்த, கனத்த கல். வெள்ளிக்கொடி முடிகிற இடத்தில் அது தலைகாட்டும். ஆகவே அதைக் கண்டவன் தலையில் கைவைத்துக்கொள்வான். ஜெர்மன் தொழிலாளர் அதற்கு இட்ட பெயரில் 'பெஹ்' என்ற சொல் இருக்கிறது. கீல் போன்ற கருமையைக் குறிக்கும் அச்சொல்லுக்கு அம்மொழியில் துரதிர்ஷ்டம் என்றும் பொருள் உண்டு. இம்மலைத்தொடரின் தொழிலாளர் தமக்குப் பயன்படாத தாதுக்களுக்கெல்லாம் இவ்வாறே வசைப்பெயர் வைத்தனர். வெள்ளியைக் கெடுக்கும் குட்டிச்சாத்தானின் பெயர் கோபால்ட் ஆயிற்று. செம்பு போலத் தோன்றி ஏமாற்றியதற்கு இட்ட வசை நிக்கல் ஆயிற்று. குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மங்காது என்று நம்மவர் சொல்வர்; இக்குன்றிமணியின் நிறத்தைக் காணும் கண்ணே அன்று உலகில் பிறக்கவில்லை.

1789-இல் பெர்லின் வேதியியலறிஞர் கிளாப்ரோத், இம்மலைத்தொடரின் சாக்ஸனிப் பக்கத்திலிருந்து வந்த அக்கறுப்புக் கல்லில் புதிய தனிமம் ஒன்று இருப்பதைக் கண்டு, எட்டு ஆண்டுகளுக்கு முன் கண்டறியப்பட்ட யுரேனஸ் கோளின் பெயரால் அதை யுரேனியம் என்று அழைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் யாகிமோவில் எழுந்த அரசுத் தொழிற்சாலை, அக்கல்லிலிருந்து கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் மஞ்சளும் பச்சையும் ஊட்டும் சாயங்களைச் செய்தது. சாயத்துக்குரிய யுரேனியத்தை எடுத்தபின் எஞ்சிய சக்கையை அருகிலுள்ள பைன் காட்டில் கொட்டினர். ஆக, வெள்ளிக்குக் கழிவாக இருந்ததற்கும் ஒரு கழிவு உண்டாயிற்று.

பாரிஸில் மேரி கியூரியும் பியேர் கியூரியும் 1898-இல் பொலோனியம், ரேடியம் என்னும் இரு தனிமங்கள் இருப்பதை அறிவித்தார்கள். அவற்றைப் பிரித்தெடுக்கப் பெருமளவு தாது வேண்டும். தாதுவோ விலை மிகுந்தது. தாம் தேடும் பொருள் யுரேனியம் நீங்கிய சக்கையிலேயே தங்கியிருக்க வேண்டும் என்று அனுமானித்த அவர்கள், வியன்னா அறிவியற் கழகத்தின் உதவியோடு, அன்று பொஹிமியாவை ஆண்ட ஆஸ்திரிய அரசிடம் அச்சக்கையைக் கேட்டனர். பைன் ஊசிகள் கலந்த பழுப்புத் தூளாகச் சாக்குகளில் அது பாரிஸுக்கு வந்து சேர்ந்தது. பல டன் சக்கையைக் காய்ச்சி, வடித்து, படிகமாக்கி, 1902-இல் மேரி கியூரி பெற்றது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு. மலையைக் கெல்லி எலியைப் பிடித்தது போல என்று வீண் முயற்சியைப் பழிக்கிறோம். மலையைக் கெல்லி எறிந்த மண்ணைக் கெல்லி நோபெல் பரிசு பெற்ற வரலாறும் உண்டு. முன்னூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கல் மாறவில்லை, பெயரே மாறிற்று.

4. மருந்து என்ற பெயர்

ரேடியத்தில் கண்ட கதிரியக்கம் சுரங்கத்திலிருந்து ஊறிவரும் நீரிலும் இருப்பது தெரிந்ததும், 1906-இல் ஊரில் நீராட்டு வைத்தியம் தொடங்கிற்று. 1912-இல் 'ரேடியம் அரண்மனை' என்ற பெயருடன் மாளிகை போன்ற விடுதி திறக்கப்பட்டது. மூட்டுவலிக்காரர் பல நாடுகளிலிருந்தும் வந்து தங்கினர். 1518-இல் தோண்டப்பட்டு, இன்றும் பணி நடக்கும் ஸ்வோர்னோஸ்த் சுரங்கத்தின் அடியிலிருந்தே ராடான் வாயு கலந்த நீர் குளியற்கூடங்களுக்கு ஏற்றப்படுகிறது.

அதே வாயுவுக்கு மற்றொரு முகம் இருந்தது. வெளிக்காற்றில் கரைந்து மறையும் ராடான், காற்றோட்டமற்ற சுரங்கத்தில் தேங்கும். அது சிதைந்து உண்டாகும் நுண்பொருள்கள் மூச்சோடு நுரையீரலில் படியும். அக்ரிகோலா கண்ட நோயின் ஒரு பகுதி தூசியால் வந்தது; மற்றொரு பகுதி, 'மலைநோய்' என்று தலைமுறை தலைமுறையாக விதிமேல் பழிபோட்டுப் பொறுத்துக்கொண்டது, புற்றுநோய். எல்லைக்கு அப்பால் ஷ்னீபெர்க் சுரங்கங்களில் ஹெர்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் இரு மருத்துவர்கள் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்து, தொழிலாளரில் பெரும்பாலோரைக் கொல்வது நுரையீரற் கட்டி என்று 1879-இல் எழுதினர். யாகிமோவிலும் அதே நோய் இருப்பது உறுதிப்பட்டுத் தொழில்நோய் என்று ஏற்கப்படுவதற்கு 1930-கள் வரை காத்திருக்க நேர்ந்தது. மேலே விடுதியில் நீராடியவர், மருத்துவர் குறித்த சில நிமிடங்கள் அதனோடு பழகினார்; கீழே இறங்கியவன் ஆயுள் முழுவதும் அதைச் சுவாசித்தான். ஒருவருக்கு மருந்தென்றும் மற்றவருக்கு விதியென்றும் அப்பொருள் பெயர் பெற்றது, அவரவர் நின்ற படியைப் பொறுத்தது.

5. சமத்துவம் என்ற பெயர்

1945-க்குப்பின் யுரேனியத்துக்கு ஆயுதம் என்ற பெயர் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் செக்கோஸ்லோவாக்கியா செய்துகொண்ட உடன்படிக்கையின்படி யாகிமோவின் தாது சோவியத் ஒன்றியத்துக்கு உரித்தாயிற்று. நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்த ஜெர்மன் மொழியினர், போருக்குப் பிந்திய கணக்குத் தீர்ப்பில் நாடு கடத்தப்பட்டனர். மலையின் இண்டு இடுக்குகளைத் தாய்ப்பாலோடு அறிந்திருந்த குடிகள் போய்விட, சுரங்கத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. 1949 முதல் 1961 வரை அவ்விடத்தை நிரப்பியவர்கள் கைதிகள். பாதிரிமார், உழவர், மாணவர், படைவீரர் என ஆட்சிக்கு ஆகாதவர் எனக் கருதப்பட்ட பலரும் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். உலக வாகை சூடிய பனிவளைகோல் அணியின் ஆட்டக்காரர் சிலரும், 1950-இல் தண்டிக்கப்பட்டபின் அக்கூட்டத்தில் சேர்ந்தனர்.

அம்முகாம்களின் பெயர்களைக் கேளுங்கள். அவை அமைந்த சுரங்கங்களின் பெயரையே தாங்கின. ஸ்வோர்னோஸ்த் என்றால் ஒற்றுமை; ரோவ்னோஸ்த் என்றால் சமத்துவம்; பிராத்ர்ஸ்த்வி என்றால் சகோதரத்துவம். சமத்துவத்தில் அடைபட்டவன் சகோதரத்துவத்துக்கு மாற்றப்பட்டான். ஊரின் அருகே விக்மனோவில் நிற்கும் செங்கற் கோபுரம் ஒன்றில், காப்பு எதுவுமின்றித் தாதுவை உடைத்து, பொடித்து, பீப்பாய்களில் அடைத்து அனுப்பினர். அரசுக் குறிப்பில் அது ஒரு பணிமனை; கைதிகள் அதற்கு 'மரண கோபுரம்' என்று பெயரிட்டனர். தம்மைக் குறிக்க, 'அழிக்கப்படுவதற்கென்று குறிக்கப்பட்டவன்' என்ற செக் தொடரின் முதலெழுத்துகளைக் கூட்டி 'முக்ல்' என்ற சொல்லையும் அவர்கள் ஆக்கிக்கொண்டனர். ஐந்து நூற்றாண்டுச் சரித்திரத்தில் செல்வத்துக்கும் ஆயுதத்துக்கும் வெளியிலிருந்து பெயர்கள் வந்துகொண்டிருக்க, உள்ளே இருந்தவர் தம் நிலைக்குத் தாமே சூட்டி, நின்று நிலைத்த பெயர்கள் இவ்விரண்டே என்று எனக்குத் தோன்றுகிறது.

1964-இல் யுரேனியச் சுரங்கங்கள் மூடப்பட்டன. 2019-இல் ஜெர்மனியிலும் செக் நாட்டிலுமாக 22 பகுதிகளைக் கொண்ட இம்மலைச் சுரங்க வட்டாரத்தை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது. பழைய நாணயச்சாலையில் அருங்காட்சியகம் நடக்கிறது. மரண கோபுரமும் அம்மரபின் பகுதியாக இன்று காக்கப்படுகிறது. நாணயச்சாலையோடு கோபுரத்தையும் ஒரே பட்டியலில் ஏற்ற உடன்பட்டதை அந்நாட்டாரின் நேர்மைக்குச் சான்றாகவே கொள்கிறேன். ஆயினும் இதுவும் வெளியிலிருந்து வந்த பெயரே. மலையூரின் இன்றைய ஜீவனம், இப்புதுப்பெயரைக் கேட்டு வருபவரையும் பழைய நீரை நாடி வருபவரையும் பொறுத்தே நிற்கிறது.

அன்பர்களே, இவ்வைந்து கூறுகளையும் தொகுத்துப் பார்க்கும்போது, சுரங்கம் கூடாது என்பது என் முடிவன்று. வெள்ளி இன்றி அக்கால வாணிகம் இல்லை. சக்கை இன்றி மேரி கியூரியின் ஆராய்ச்சி இல்லை. நான் கேட்பது கணக்கு ஒன்றே. இன்று வீடுகளிலும் பணியிடங்களிலும் ராடான் வாயு எவ்வளவு இருக்கலாம் என்று நாடுகள் வரம்பு வகுத்திருக்கின்றன. அவ்வரம்புக்கு அடிப்படையானவை, பொஹிமியா உட்படப் பல தேசங்களின் சுரங்கத் தொழிலாளருடைய மரணப் பதிவேடுகள். மலைக்குள் இறங்கியவரின் மூச்சு, தாதுவைப் போலவே, தொலைவில் உள்ளவருக்குப் பயன்பட்டிருக்கிறது. ஆனால் அப்பயனுக்கு அவர் பெயர் வைக்கப்படவில்லை.

ஆதலின் இங்கே அமர்ந்திருக்கும் ஆராய்ச்சி மாணவர்களிடம் ஒன்றை வேண்டிக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன். உலகில் எந்த நாட்டின் சுரங்க ஊரைப் பற்றி நீங்கள் எழுதப் புகுந்தாலும், அங்கே எத்தனை டன் தாது எடுத்தார்கள், எத்தனை காசு அடித்தார்கள் என்ற ஏடுகள் தாமாகவே உங்கள் கைக்கு வரும். அவற்றைப் பேணுவோர் எக்காலத்திலும் உண்டு. நீங்கள் முதலில் தேடிப்போக வேண்டியது, அவ்வூர் மருத்துவரின் குறிப்பேடும் இடுகாட்டின் பதிவேடும். அவற்றைப் படித்த பிறகு நாணயச்சாலைக்குச் செல்லுங்கள்.